பிக்கப் வண்டியும் கிணற்று ஜலமும்

தக்காளி, கத்தரி, வாழைத்தார் முதலிய விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்ல முன்னர் மாட்டு வண்டியை நம்பியிருந்த விவசாயிகளில் பலர் இக்காலத்தில் பிக்கப் வண்டி வைத்திருக்கின்றனர். அவற்றுள் கைமாறி வந்த பழைய வண்டிகளும் பல. இவ்வண்டிகளுக்கு நேரும் கோளாறுகளுள் பெருநஷ்டம் விளைவிப்பது, யந்திரம் அளவு மீறிச் சூடேறுவதாகும். பறித்த தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போன்ற பெருஞ்சந்தைக்குச் செல்லும் வண்டி, நடுவழியில் ஆவி கக்கி நின்றுவிட்டால், யந்திரம் கெடுவதோடு அன்றைய சரக்கின் விலையும் போய்விடுகிறது.

இதற்குப் பெரும்பாலோர் கையாளும் பரிகாரம் ஒன்றே. அருகிலுள்ள கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஒரு குடம் ஜலம் கொணர்ந்து ரேடியேட்டரில் ஊற்றி வண்டியைக் கிளப்புகிறார்கள். மறுநாளும் அவ்வாறே செய்கிறார்கள். ஜலம் குறைவது ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வழக்கம் நோயைத் தீர்ப்பதன்று, நோயை வளர்ப்பதாகும்.

டீசல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதியை சிலிண்டர்களைச் சுற்றியோடும் ஜலம் ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் இறங்கி, காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆதலால் அக்குழல்களின் உட்புறமும் சிலிண்டர்களைச் சூழ்ந்த நீர்ப்பாதையும் சுத்தமாயிருப்பதே யந்திரத்தின் ஆரோக்கியத்திற்கு ஆதாரம்.

சொட்டு நீர்ப் பாசனம் செய்யும் விவசாயிக்கு ஒரு விஷயம் நன்கு தெரியும். ஆழ்துளைக் கிணற்று ஜலம் கடினமாயிருந்தால் சொட்டுவான்களில் வெண்ணிறச் சுண்ணாம்புப் பொருக்குப் படிந்து துளை அடைபடும். அதை நீக்க அவர் குழாய்களில் அமிலம் செலுத்திக் கழுவுகிறார். வெந்நீர் அண்டாவின் உட்புறத்திலும் அதே பொருக்கைக் காண்கிறார். அங்ஙனம் அறிந்தவரே அதே ஜலத்தைத் தம் வண்டியில் நாள்தோறும் ஊற்றுவது வியப்புக்குரியது. ஜலம் சூடேறச் சூடேற இப்பொருக்கு விரைந்து படியும். மேலும் அது இரும்பைவிடப் பன்மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும்.

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம். அத்தகைய ஜலம் நாளொன்றுக்கு 1 லிட்டர் ஆவியாகி, அதற்கு ஈடாக 1 லிட்டர் ஊற்றப்பட்டால், 300 நாளில் 180 கிராம் உப்பு உள்ளே சேர்ந்துவிடும். ஆவி வெளியேறும், உப்பு வெளியேறாது.

ஆகவே ஊற்றவேண்டியது யாதெனில், வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்த வகைக் கூலன்ட்டும், பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரும், கைப்புத்தகம் கூறும் விகிதத்தில் கலந்த கலவையே. சாதாரணமாக இது சரிபாதியாக இருக்கும். கூலன்ட் பனி பெய்யும் நாட்டுக்கே வேண்டும், உஷ்ண நாட்டுக்கு எதற்கு என்று சிலர் வாதிப்பதுண்டு. அது தவறு. கூலன்ட் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவதையும் தடுக்கிறது. பின்னிரண்டும் உஷ்ண நாட்டுக்கே அதிகம் வேண்டியவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: கூலன்ட்டில் சாதாரணமாகச் சேரும் எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள கொடிய விஷம். பழைய கூலன்ட்டை வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ, கால்நடையும் நாயும் நக்கக்கூடிய இடத்திலோ கொட்டலாகாது.

மற்றொரு தவறான வழக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இது யந்திரத்தின் உஷ்ண நிலையைக் காக்கும் சிறு கதவு. பல யந்திரங்களில் சுமார் 82 டிகிரி சென்டிகிரேடில் திறக்கத் தொடங்கும். இதைக் கழற்றினால் யந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதமாகும். எண்ணெய்ச் செலவும் தேய்மானமும் கூடும். சிலவகை யந்திரங்களில் இக்கதவு திறக்கும்போதே, ரேடியேட்டருக்குச் செல்லாமல் திரும்பும் குறுக்கு வழியையும் அடைக்கிறது. அவற்றில் தெர்மோஸ்டாட் இல்லாவிடில் ஜலத்தின் ஒரு பகுதி குளிராமலே சுற்றிவந்து, வண்டி முன்னிலும் அதிகமாகச் சூடேறும். சந்தேகமிருந்தால் அதை ஒரு பாத்திர ஜலத்திலிட்டு, உஷ்ணமானியுடன் அடுப்பில் சூடேற்றினால், திறக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

கோளாற்றைத் தேடுவதில் செலவில்லாததை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் பார்ப்பதே முறை. யந்திரம் முற்றிலும் ஆறி நின்றபின் ஜல மட்டம் பார்க்கவேண்டும். ரப்பர் குழாய்கள், இணைப்புகள், வாட்டர் பம்பின் அடித்துளை ஆகியவற்றில் கசிவுண்டா என்று பார்க்கவேண்டும். அடுத்து, ரேடியேட்டரின் முன்புறம் வைக்கோல் தூசி, உமி, பூச்சி இவற்றால் அடைபட்டிருந்தால், யந்திரப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். அலங்கார விளக்குகளும் பலகைகளும் காற்றை மறைத்தால் அகற்றவேண்டும். மூன்றாவதாக, பேன் பெல்ட்டின் இறுக்கம் பார்க்கவேண்டும். நான்காவதாக, ரேடியேட்டர் மூடி. சுமார் 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடியிருந்தால் சாதாரண ஜலமே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ 100 டிகிரியிலேயே கொதிக்கும். சொற்ப விலையுள்ள மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றியவர்களும் உண்டு.

வண்டி சூடேறும் சமயமும் காரணத்தைச் சொல்லும். நின்றும் ஊர்ந்தும் செல்கையில் சூடேறி, வேகமாய் ஓடுகையில் தணிந்தால், விசிறியிலோ பெல்ட்டிலோ குறை. பாரத்துடன் மேடேறும்போதும் நெடுஞ்சாலையிலும் சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பையோ பம்பின் பலவீனத்தையோ சந்தேகிக்கலாம். கிளப்பிச் சற்று நேரத்திலேயே முள் ஏறியும் மேற்குழாய் குளிர்ந்தேயிருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பியவுடன் மேற்குழாய் கல்போல் இறுகுவது, ஜலத்தில் ஓயாது குமிழி எழுவது, யந்திர எண்ணெய் மோர் நிறமாவது, வெண்புகை நீடிப்பது ஆகியவை ஹெட் கேஸ்கட் போயிருப்பதன் அறிகுறிகள். அதன்பின் ஒரு மைலும் ஓட்டலாகாது. தேர்ந்த மெக்கானிக்கை நாடவேண்டும்.

வழியில் முள் சிவப்பை எட்டினால் உடனே ஓரங்கட்டி யந்திரத்தை நிறுத்துவதே உத்தமம். சந்தை இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டியவர் ஹெட்டையே இழக்க நேரும். முள் திடீரென்று இறங்கினாலும் ஏமாறலாகாது. ஜலம் முற்றும் வற்றினால் உணர்கருவி ஆவியில் நின்று பொய் சொல்லக்கூடும். சூடான மூடியைத் திறப்பதால் முகமும் கையும் வெந்துபோகும். மேற்குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்கும்வரை பொறுத்து, பின்பு துணியால் மூடிக்கொண்டு மெல்லத் திறக்கவேண்டும். கொதிக்கும் யந்திரத்தில் குளிர்ந்த ஜலம் கொட்டினால் வார்ப்பு வெடிக்கும். வேறு வழியின்றிக் கிணற்று ஜலத்தையே ஊற்றி வீடு சேர்ந்தால், பிறகு அதை முற்றிலும் வடித்து உரிய கலவையை நிரப்பவேண்டும்.

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் உதவலாம். ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ வண்டி இருந்தால், ஜலம் ஊற்றிய நாளையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யவேண்டும். மாதம் இருமுறை லிட்டர் கணக்கில் ஊற்றப்படுகிறதென்றால் எங்கோ கசிவுண்டு என்று அக்குறிப்பேடே காட்டிவிடும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் முதலில் இறங்கும் அழுக்கு நீரைப் போகவிட்டு, பின்வரும் தெளிந்த மழைநீரை வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் சேர்த்து வைத்தால், வாலைவடிநீர் கிட்டாத அவசரத்தில் கிணற்று ஜலத்தைவிட அது எவ்வளவோ மேலானது.

மாட்டுக்குச் சுரம் கண்டால் காரணம் அறியாது தலையில் ஜலம் ஊற்றி ஏரில் பூட்டும் விவசாயி ஒருவரும் இல்லை. யந்திரத்துக்கும் அதே நியாயம் காட்டவேண்டும். வாரம் ஒருநாள் காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போது, மட்டமும் மூடியும் பெல்ட்டும் குழாயும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அக்கால் மணி நேரத்தைச் செலவிடாதவர், விளைச்சல் மிகுந்த காலத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டு, சரக்கை வாடகை வண்டியில் அனுப்ப நேரிடும்.