இரண்டாம் பாகம் வந்தால் எழுந்துபோகிறார்கள்

எங்கள் பக்கத்தில் சே குவேராவின் முகம் தெரியாத இளைஞன் கிடையாது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் பைக்குகளின் டேங்கில் அந்த முகம் இருக்கிறது. ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கிறது. கபடிக் குழுவின் பனியனில் இருக்கிறது. காதணி விழா பேனரின் மூலையில்கூடப் பார்த்திருக்கிறேன். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பெர்டோ கோர்டா எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இத்தனை தூரம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மனிதர் என்ன செய்தார், எப்படிச் செத்தார் என்று உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் மட்டும் ஒருவருக்கும் பொறுமை இல்லை. பல நாளாக மனசுக்குள் கிடந்து அறுக்கும் ஆதங்கம் இது.

ஸ்டீவன் சோடர்பெர்க் 2008-இல் எடுத்த ‘சே’ இரண்டு பாகப் படம். சேர்த்துப் பார்த்தால் நாலேகால் மணி நேரம். சே வேடத்தில் நடித்த பெனிசியோ டெல் டோரோவுக்கு அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. முதல் பாகம் கியூபா. 1956 நவம்பரில் மெக்சிகோவிலிருந்து 82 பேர் ‘கிரான்மா’ படகில் ஏறியது முதல், 1958 டிசம்பர் முடிவில் சாந்தா கிளாரா நகரம் விழுந்து, 1959 ஜனவரி 1 அன்று சர்வாதிகாரி பாடிஸ்டா நாட்டைவிட்டு ஓடியதுவரை. இரண்டாம் பாகம் பொலிவியா. 1966 நவம்பரில் மாறுவேடத்தில் அங்கே போனவர், 1967 அக்டோபர் 9 அன்று லா இகேரா என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதுவரை. அப்போது அவருக்கு வயது 39.

இந்தப் படத்தை வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். தம்பி மகன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். சே பனியன் போடாத வாரம் இல்லை. அவனும் அவன் கூட்டாளியும் வந்தார்கள். படம் ஸ்பானிய மொழி. அடியில் ஓடுவது ஆங்கில சப்டைட்டில். தமிழில் இல்லை. என் மனைவிக்காக ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது எனக்குச் சிரமமே இல்லை. மற்றதெல்லாம்தான் சிரமம்.

திரைக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறது என்று தம்பி மகன் ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிவிட்டான். சப்டைட்டில் பாதி காணாமல் போயிற்று. ஓரத்தில் நின்றவர்கள் வெட்டுப்பட்டார்கள். முதல் பாகத்தை அகலத் திரைக்கென்றே எடுத்திருக்கிறார்கள். காடு, மலை, அதற்குள் வரிசையாக நடக்கும் ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கத்தான் அந்த அகலம். இரண்டாம் பாகத்தில் அந்த அகலம் குறைந்துவிடும். கேமரா கையில் ஏறி ஆட ஆரம்பிக்கும். ஆட்கள் நெருக்கப்படுவதை நம் கண்ணே உணரும். இதைச் சொன்னால், “டிவி முழுசா தெரியட்டும் பெரிப்பா” என்கிறான்.

அப்படியும் முதல் பாகம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது, பக்கத்து வீட்டு அண்ணி பால் கேட்டு வந்தார், ஆளுக்கொரு போன் அடித்தது. சாந்தா கிளாராவில் கவச ரயிலைக் கவிழ்த்த இடத்தில் பையன்கள் கை தட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஹவானாவுக்குப் போகும் வழியிலேயே அந்தப் பாகம் முடிகிறது. எதிரியிடமிருந்து பிடித்த ஒரு சிவப்புக் காரில் உல்லாசமாக வரும் தன் வீரர்களை நிறுத்தி, காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்கிறார் சே. வெற்றி ஊர்வலத்தைக் காட்டவில்லை. வென்ற நாளில் ஒரு தலைவன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டுகிறார்கள். அந்தக் காட்சியின்போது பையன்கள் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு பாகம் இருக்குடா, உக்காருங்க.”

“அதுல அவரு செத்துடுவாரு பெரிப்பா. தெரிஞ்ச கததான?”

கூட்டாளி மட்டும் ரிமோட்டோடு உட்கார்ந்தான். பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிக்கொண்டே போனான். சே மூச்சுத் திணறுகிற இடம் தள்ளு. வழி தெரியாமல் ஆற்றங்கரையில் திகைக்கிற இடம் தள்ளு. குடியானவர் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற இடம் தள்ளு. துப்பாக்கிச் சத்தம் வந்தால் மட்டும் நிறுத்தினான். சே சாகிற இடம் வந்ததும் பார்த்துவிட்டு, “சூப்பர்ணா” என்று சொல்லிப் போய்விட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பொலிவியாவில் அந்த ஐம்பது பேர் அளவிலான படை ஏன் தோற்றது என்பதுதான் அவன் தள்ளிவிட்ட அத்தனை காட்சிகளிலும் இருக்கிறது. அந்த நாட்டில் 1952-லேயே ஒரு புரட்சி நடந்து, அடுத்த ஆண்டே நிலச் சீர்திருத்தமும் வந்திருந்தது. நிலம் கிடைத்த குடியானவரிடம் போய், நிலத்துக்காகப் போராட வா என்றால் அவர் எப்படி வருவார்? வீரர்கள் கெச்சுவா மொழி கற்றுக்கொண்டு போனார்கள். அந்தப் பகுதி மக்கள் பேசியது குவரானி. உள்ளூர்க் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மரியோ மோன்ஹேவுக்கும் சேவுக்கும் யார் தலைமை என்பதில் பிணக்கு, கட்சி கைவிட்டது. சேவுக்காகப் பதுக்கி வைத்திருந்த ஆஸ்துமா மருந்து ராணுவத்தின் கைக்குப் போனது. அமெரிக்கா பயிற்சி கொடுத்த படை பின்தொடர்ந்தது. மாத முடிவில் சே தன் நாட்குறிப்பில் அந்த மாதத்தின் நிலவரத்தைத் தொகுத்து எழுதுவார். விவசாயிகள் நம்மோடு சேரவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அந்த நாட்குறிப்பை வைத்துத்தான் இரண்டாம் பாகத்தையே எடுத்திருக்கிறார்கள். காட்டுக்குள், பட்டினியில், நோயோடு இருந்துகொண்டு தன் தோல்வியைத் தானே கணக்கெழுதி வைத்த மனிதர் அவர்.

கணக்கு என்றால் எங்கள் ஊருக்குத் தெரியாதா? உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் பகுதியில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை. அவற்றில் உள்ள குடவோலைத் தேர்தல் முறையை உலகமே பேசுகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. அது அந்தணர்களின் சபைக்கு எழுதிய விதி. உழுதவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் மறக்க முடியாது. ஆனாலும் பொறுப்பேற்றவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பேச்சு ஆயிரத்து நூறு வருடமாக எங்கள் ஊர்க் கல்லில் நிற்கிறது. அந்த ஊரில், ஒரு புரட்சிக்காரர் காட்டிய கணக்கைப் பார்க்க நாலு பேர் உட்கார மாட்டேன் என்கிறார்களே!

சே வெளிநாட்டுக்காரர், வேற்று மொழி என்று சமாதானம் சொல்லலாம். நம்முடைய வ.உ.சி.க்கு மட்டும் என்ன செய்தோம்? அவர் வாழ்க்கையின் முதல் பாகம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள், 1908-இல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, செக்கு. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தாரே, அதற்குப் பிறகு 1936 நவம்பர் 18 வரை உள்ள கிட்டத்தட்ட இருபத்து நான்கு வருடம் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி கலைந்துவிட்டது. வக்கீல் சன்னது பறிபோயிற்று. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த 347 ரூபாய் 12 அணாவுக்காக 1915-16-இல் கடிதம்மேல் கடிதம் எழுதினார். கப்பல் வாங்கிய மனிதர் முந்நூறு சொச்சம் ரூபாய்க்குக் காத்திருந்திருக்கிறார். அவரோடு கைதான சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் வந்தது. ரயிலில் ஏறக் கூடாது என்றார்கள். அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

பி.ஆர். பந்துலு 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்தார். ஊர் திரண்டு பார்த்தது. அவரே அதே சிவாஜி கணேசனை வைத்து 1961-இல் வ.உ.சி.யின் கதையை ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எடுத்தார்; கூட்டம் வரவில்லை, நஷ்டம். கட்டபொம்மனும் தோற்றவர்தானே என்று கேட்கலாம். வசனம் பேசி நிமிர்ந்து தூக்குக்குப் போகும் தோல்வியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். நோயிலும் கடனிலும் தனிமையிலும் வருடக்கணக்கில் தேய்ந்துபோகிற தோல்வியைத்தான் பார்க்க மறுக்கிறோம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. நவரை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, கோடை மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறார்கள். வந்ததும் போனைத் தள்ளுகிறார்கள். அசதி எனக்குப் புரிகிறது. அந்த அசதிக்கே ஒரு மாற்று வேண்டும் என்று நினைக்கிறவன்தானே அந்தப் பனியனை வாங்குகிறான்? அப்படியானால், மாற்றத்துக்குப் போனவர்கள் எங்கே வழி தவறினார்கள், யாரைக் கேட்காமல் போனார்கள், யார் கைவிட்டார்கள் என்று அவன்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வென்ற கதை உற்சாகம் கொடுக்கும், நல்லதுதான். நாளைக்கு ஒரு சங்கம் வைக்க, ஓர் ஏரியைக் காப்பாற்ற, ஒரு கூலிப் பிரச்சினைக்காக நாலு பேரைக் கூட்ட அவனுக்குத் தோற்ற கதைதான் உதவும்.

அக்டோபர் 9 வந்தால் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். நவம்பர் 18 வந்தால் வ.உ.சி. சிலைக்கு மாலை போடுவார்கள். மன்றம் நடத்தும் தம்பிகளே, அந்த நாளில் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு திரை கட்டுங்கள். ‘சே’ படத்தின் இரண்டாம் பாகத்தை மட்டும் போடுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். நான் வந்து சொல்கிறேன். ரிமோட்டை யாரும் தொட வேண்டாம். படம் முடிந்ததும் கலைந்துபோகாமல், எதனால் தோற்றார்கள் என்று அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள்.