நடவுத் திருவிழா பார்க்க ஜூனில் ஜப்பான் போகலாம்!

கேள்வி: ''என் மகள் ஜப்பானில், கியோட்டோ நகரத்தில் வேலை பார்க்கிறாள். செர்ரிப் பூ பூக்கும் சமயத்தில் வரச் சொல்லி இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், சம்பா மட்டும் ஒரு போகம். ஒருமுறைதான் போக முடியும். எனக்குப் பூவைவிட, அந்த ஊர் நெல் வயலையும் விவசாயத் திருவிழாவையும் பார்க்கத்தான் ஆசை. எந்த மாதம் போகலாம்?''

- வாசகி ஒருவர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: ஜூன் இரண்டாவது வாரம் போங்கள் சகோதரி. செர்ரிப் பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூத்து முடிந்துவிடும். ஜூன் மாதம்தான் அங்கே நடவு. உங்களுக்கும் சம்பா விதைப்புக்கு முன்பு கை ஓய்ந்திருக்கும் நேரம். ஜூன் 10, ஜூன் 14 என்று ஐந்து நாள்களுக்குள் இரண்டு நடவுத் திருவிழாக்களைப் பார்த்துவிடலாம். இரண்டும் ஆண்டுதோறும் அதே தேதியில் நடப்பவை.

முதலாவது, கியோட்டோவிலேயே இருக்கும் ஃபுஷிமி இனாரி கோயில். கியோட்டோ ரயில் நிலையத்தில் இருந்து நாரா செல்லும் பாதையில் இரண்டாவது நிறுத்தம். இறங்கினால் எதிரிலேயே கோயில். நுழைவுக் கட்டணம் கிடையாது. வரிசை வரிசையாக நிற்கும் சிவப்பு வாயில்களைப் படம் எடுக்கத்தான் பெரும்பாலான வெளிநாட்டவர் வருகிறார்கள். ஆனால், இனாரி என்பது நெல்லுக்கு உரிய தெய்வம். கோயில் வளாகத்திலேயே சாமிக்கென்று ஒரு வயல் இருக்கிறது. பரப்பு சுமார் 330 சதுர மீட்டர், நம் கணக்கில் 8 சென்ட்.

அந்த 8 சென்ட் வயலுக்கு ஒரு வருடத்தில் எத்தனை விழா என்று பாருங்கள். ஏப்ரல் 12-ம் தேதி விதைப்பு. ஜூன் 10-ம் தேதி நடவு. அக்டோபர் 25-ம் தேதி அறுவடை. நவம்பர் 8-ம் தேதி, அறுத்த வைக்கோலைத் தீயிலிட்டு, விளைச்சல் தந்த தெய்வத்துக்கு நன்றி சொல்லும் விழா. நவம்பர் 23-ம் தேதி புது அரிசிப் படையல். நடவு அன்று ஒரு பக்கம் பெண்கள் நடனம் ஆட, மறு பக்கம் மரபு உடை அணிந்தவர்கள் சேற்றில் இறங்கி, கையால் நாற்று நடுவார்கள்.

இந்தக் கோயில் 711-ம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு கதையும் உண்டு. நெல் விளைந்து பெரும் செல்வம் சேர்த்த ஒருவர், அரிசி மாவு உருண்டையைக் குறியாக வைத்து அம்பு எய்தாராம். உருண்டை வெள்ளைப் பறவையாக மாறி மலை உச்சிக்குப் பறந்துவிட்டது. பறவை இறங்கிய இடத்தில் நெல் முளைத்தது. அங்கே கோயில் எழுந்தது. சோற்றை விளையாட்டுப் பொருளாக நினைத்தால் அது நம்மை விட்டுப் போய்விடும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஜூன் 14-ம் தேதி ஒசாகா நகரில் உள்ள சுமியோஷி கோயிலில் நடக்கும் நடவு விழா. கியோட்டோவில் இருந்து ஒசாகாவுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம். அங்கே நம்பா நிலையத்துக்குப் போய் நான்காய் ரயில் பிடித்தால், கோயில் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. இங்கே வயல் பெரியது, ஏறக்குறைய அரை ஏக்கர். அலங்கரித்த மாட்டைப் பூட்டிச் சேறு கலக்குவார்கள். பூச்சூடிய பெண்கள் பூசை செய்த நாற்றை வாங்கி, நடும் பெண்களிடம் கொடுப்பார்கள். நடவு முடியும் வரை வரப்போரம் பாட்டும் ஆட்டமும் ஓயாது. சிறு பிள்ளைகள் கூட்டமாக ஆடும் நடனமும் உண்டு. விழா மதியம் 1 மணிக்குத் தொடங்கும் என்பதால், முன்பே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வயல் ஒருமுறை கைவிட்டுப் போகப் பார்த்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி ஆட்சிக் காலத்தில் கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. நடவு விழாவே நின்றுவிடும் நிலை. அப்போது ஒசாகாவின் சின்மாச்சி என்ற கேளிக்கை வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் அந்த வயலை வாங்கி, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். விவசாயிகள் அல்லாதவர்கள் காப்பாற்றிக் கொடுத்த வயல் அது.

மற்ற மாதங்களில் போகிறவர்களுக்காக ஒரு சிறு பட்டியல்:

மார்ச் 9: கியோட்டோவின் வடக்கு மலையில் உள்ள கிஃபுனே கோயிலில் மழை வேண்டும் விழா. முற்காலத்தில் மழை வேண்டிக் கறுப்புக் குதிரையும், மழை நிற்க வேண்டி வெள்ளைக் குதிரையும் காணிக்கை கொடுத்தார்கள். பிறகு, பலகையில் குதிரைப் படம் வரைந்து வைப்பது வழக்கமானது.

மே 15: அஓயி விழா. 6-ம் நூற்றாண்டில் புயலும் மழையும் பயிரை அழித்தபோது, தெய்வத்தைச் சாந்தப்படுத்தத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. மாட்டு வண்டியோடு நீண்ட ஊர்வலம் போகும்.

ஜூலை 17: கியோன் விழாவின் பெரிய தேரோட்டம். 869-ம் ஆண்டு கொள்ளை நோய் நீங்க வேண்டித் தொடங்கியது. கடும் கூட்டம், கடும் வெயில்.

ஆகஸ்ட் 16: வீட்டுக்கு வந்த முன்னோர்களை வழியனுப்ப, இரவு 8 மணிக்கு ஐந்து மலைகளில் தீ மூட்டும் விழா.

விழாவைப் பார்த்துவிட்டு, 'ஜப்பானில் எல்லோரும் இப்படித்தான் நடுகிறார்கள்' என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். தட்டு நாற்றை வைத்து இயந்திரம்தான் நட்டுக்கொண்டிருக்கும். அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் வயதானவராக இருப்பார். விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் 2000-ம் ஆண்டில் அங்கே சுமார் 24 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் சுமார் 13.6 லட்சம் பேர்தான். அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 68. 2024 கோடையில் கடைகளில் அரிசி கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். 2025 வசந்தத்தில் விலை முந்தைய ஆண்டைப்போல இரு மடங்கானது. சாமி வயலில் நட ஆள் கிடைக்கிறது. ஊர் வயலில் நட அடுத்த தலைமுறை வர வேண்டுமே என்பதுதான் அங்கேயும் கவலை.

கிளம்பும் முன் மூன்று விஷயங்கள். ஒன்று, ஜூனில் அங்கே மழைக்காலம் தொடங்கும். குடை அவசியம். இரண்டு, மகளுக்கு ஆசையாக மாம்பழம், கறிவேப்பிலை, அரிசி என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். உரிய தாவர நலச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். மூன்று, அங்கிருந்து ஒரு பிடி விதைநெல் கொண்டு வந்து போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். இந்தியாவுக்குள் விதை கொண்டு வர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். பதிவு செய்யப்பட்ட ரகங்களை வெளியே கொண்டு போக ஜப்பானின் 2020-ம் ஆண்டு சட்டத் திருத்தமும் தடை போடுகிறது.

ஜூன் 10-ம் தேதி மகளையும் விடுப்பு எடுக்கச் சொல்லி, கூடவே கூட்டிப் போங்கள். சிவப்பு வாயில்களை அவர் பலமுறை பார்த்திருக்கலாம். அதே வளாகத்தில் ஒரு நெல் வயல் இருப்பது தெரியாமல்கூட இருக்கலாம். நாற்று முடி எப்படி இருக்கிறது, எத்தனை குத்து வைக்கிறார்கள், இடைவெளி எவ்வளவு என்பதை எல்லாம் நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் எங்களுக்கும் எழுதுங்கள்.