யாருக்கு வேடிக்கை?

யுத்த காலத்துக் குடும்பக் கதை என்றால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. தாம்பரத்தில் ஒரு வீடு. பட்டணத்துச் சொந்தபந்தமெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறது. கூடத்தில் மாமியார், திண்ணையில் மாப்பிள்ளை, கிணற்றடியில் சண்டை. நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்த ரயிலில் ஏறியவர்கள் யார்?

1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டுகள் விழுந்தன. சென்னையில் அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்றது வெள்ளைக்கார சர்க்கார். கையில் காசும் ஊரில் வீடும் உள்ளவர்கள் கிளம்பினார்கள். பெரம்பூர் மில் தொழிலாளியோ அன்றைக்கு 'அவசியமானவன்' ஆகிவிட்டான்! அவன் உயிரா அவசியம்? தறியில் ஓடும் அவன் கைதான்.

அவன் வீட்டில் நெரிசல் இல்லையா? ஒரே அறை. தாய் தகப்பன், தம்பி, பிள்ளைகள். தாம்பரத்தைச் சுற்றிய கிராமங்களில் கூலி விவசாயியின் குடிசையில், கல்யாணமான மகனுக்கு மறைப்பு ஒரு பழஞ்சேலை. யுத்தத்துக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். அதை யாரும் நகைச்சுவையாக எழுதவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வாஷிங்டன் வீட்டுப் பஞ்சத்தை வைத்து ஹாலிவுட் 1943-ல் 'தி மோர் தி மெரியர்' எடுத்தது. படத்தில் கல்யாணம் முடிந்தது, பஞ்சம் தீர்ந்ததா?

இங்கே 1941-லேயே சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட வேண்டி வந்தது. வீட்டுக்காரர்களின் பேராசைக்கு வேறு சாட்சி வேண்டுமா? தாம்பரத்து வீட்டுக் கதை சொல்பவர்கள், அந்த இருட்டடிப்பு இரவுகளில் பெரம்பூர் ஒற்றை அறைக்கு என்ன வாடகை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.