ஏழரை

எனக்கு ஏழரை வந்திருக்கிறது. ஜாதகத்தில் அல்ல, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் தாளில். "அந்த நம்பரே நமக்கு ஆகாதுடி" என்று அம்மா சொன்னபோது சிரித்தேன். ஒன்பதுக்கு ஏழரை நல்ல மதிப்பெண்தான். நான் விண்ணப்பித்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் கேட்டதே ஏழு. ஆனால் எந்தப் பகுதியிலும் ஆறரைக்குக் குறையக் கூடாதாம். கேட்பதில் 8, வாசிப்பதில் 8, பேசுவதில் 7, எழுதுவதில் 6. நான்குக்கும் சராசரி பார்த்தால் ஏழேகால். அதை ஏழரையாக்கிப் போடுவது தேர்வு விதி. கால் மதிப்பெண்ணைத் தாமாகவே தூக்கிக் கொடுக்கிற ஊரில், குறைந்துபோன அரைக்கு மன்னிப்பு இல்லை.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. டோனி மாரிசன் நாவல்களைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதினேன், ஆங்கிலத்தில்தான். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம்தான் நடத்துகிறேன். விண்ணப்பித்ததும் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிய முதுகலைக்கு. உனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார்கள். கேட்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. 2022 ஆகஸ்ட்டில் மதுரைக்குப் போய் எழுதினேன். அப்போதும் இதே ஏழரைதான், ஆனால் எழுத்தில் 7. இடம் கிடைத்தது. வங்கிதான் கடன் கொடுக்க இழுத்தடித்தது. வீட்டுப் பட்டா தாத்தா பெயரில் இருக்கிறதாம். அப்பா தறியை நிறுத்திவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து பெயர் மாற்றி வாங்குவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் சேர்க்கையை 2024 செப்டம்பருக்குத் தள்ளி வைத்தது. அதற்கு உருகி உருகி நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியவளும் நான்தான். கடைசியில் கடனும் வந்தது. கூடவே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது: வகுப்பு தொடங்கும் நாளில் உங்கள் மொழிச் சான்றிதழ் காலாவதியாகி இருக்கும்.

காலாவதி. மாத்திரை அட்டைக்குப் பின்னால் அச்சடிக்கிற சொல். இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷமும் நாள் தவறாமல் ஆறு பீரியட் ஆங்கிலம் நடத்தித் தொண்டை கட்டிப்போனவள் நான். பழகாவிட்டால் மொழி மறக்கும் என்பது அவர்கள் நியாயமென்றால், பழகிக்கொண்டே இருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே? கல்லூரி முதல்வரிடம் ஆங்கில வழியில் படித்ததாகக் கடிதம் வாங்கி அனுப்பினேன். ஏற்கவில்லை. பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணைக் காட்டினேன். அது பழசாம். புதிதாக இருந்தாலும் என்ன, சில பல்கலைக்கழகங்களில் சிபிஎஸ்இ பிள்ளைக்கு 70 போதும், மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளை 80 வாங்க வேண்டும். ஒரே மொழி, ஒரே வகுப்பு, பள்ளிக்கூடத்துப் பலகையைப் பார்த்து விலை.

மறுபடி கட்டணம், ஏறக்குறைய 17,000 ரூபாய். என் ஒரு மாதச் சம்பளம் 14,000. மிச்சத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

மறுபடியும் மதுரை. பாஸ்போர்ட்டைக் காட்டி, கைரேகை வைத்து, போட்டோவுக்கு நின்று, உள்ளே போனேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத்து வேலை: ஒரு வரைபடத்தைப் பார்த்து 150 சொல், ஒரு கேள்விக்கு 250 சொல். எழுதிவிட்டு வெளியே வந்தபோது போன தடவையை விட நன்றாக எழுதியதாகவே நினைத்தேன். வந்தது 6. எங்கே குறைந்தது? இலக்கணமா, வாதமா, சொல்லா? எந்த வரியில்? கேட்டால் பதில் கிடையாது. விடைத்தாளைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். நம் ஊரில் பிளஸ் டூவில் தோற்ற பிள்ளைகூடச் சில நூறு ரூபாய் கட்டி விடைத்தாள் நகல் வாங்கி, எந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கிறது, சண்டையும் போடுகிறது. இங்கே பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்டேன். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. மாற்றமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மதிப்பெண் கூடினால்தான் அந்தப் பணம் திரும்பும். ஆக, அதுவும் போயிற்று. தவறிய ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம் என்று ஒரு வசதி உண்டு. நான் கேட்ட பல்கலைக்கழகம் அதை ஏற்பதில்லை. அந்த இடம் இப்போது வேறு யாருக்கோ போயிருக்கும்.

பிரிட்டன் அரசிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று. அந்த நாட்டுக் குடிமக்களுக்கு விசாவுக்காக இந்தச் சோதனை கிடையாது. மால்டா அதில் இருக்கிறது. அந்தத் தீவில் வீட்டுக்குள் பேசுவது பெரும்பாலும் மால்டீஸ். பள்ளிக்கூடமே ஆங்கிலத்தில் நடக்கும் சிங்கப்பூர் இல்லை. ஆங்கிலமே ஆட்சிமொழியான நைஜீரியா இல்லை. 2021-ல் அந்த நாட்டு இளைஞர்கள் இதற்காகக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஆங்கிலத்தில் எழுது என்று அரசியலமைப்பிலேயே 348-ஆம் பிரிவு வைத்திருக்கும் நாமும் இல்லை.

சோதனையில் தேறிவிட்டாலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. 2014-ல் விசாவுக்கான டோயிக் என்ற வேறோர் ஆங்கிலத் தேர்வில், லண்டன் மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதை பிபிசி காட்டியது. மோசடி நடந்தது உண்மை. ஆனால் அதன் பிறகு, 2011-லிருந்து அந்நாட்டில் எழுதப்பட்ட 58,000-க்கும் மேற்பட்ட டோயிக் தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று குரல் பதிவை வைத்து முத்திரை குத்தினார்கள். பல்லாயிரம் பேரின் விசா ஆட்டம் கண்டது. குற்றமற்றவர்கள் இதில் சிக்கியிருக்கிறார்களா என்று உள்துறை சரியாகப் பார்க்கவே இல்லை என 2019-ல் அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. தாள் இல்லையென்றால் தாள் எங்கே என்கிறார்கள், தாளை நீட்டினால் இது உன் தாள்தானா என்கிறார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை எழுதறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். தறிச் சத்தத்தில் நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் நான் ட்யூஷன் எடுக்கிற இடத்தில் ஒரு பையன் இதே தேர்வுக்குப் படித்தான். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற முன்னுரை ஒன்றும், இணைப்புச் சொற்கள் இருபதும் மனப்பாடம் பண்ணிக்கொடுத்தேன். எழுத்தில் ஆறரை வாங்கிவிட்டான். போன வாரம் சென்னை விமான நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் நீளமாக நன்றி அனுப்பியிருந்தான். இரண்டு இடத்தில் பிழை. பழக்க தோஷத்தில் திருத்தி அனுப்பத் தட்டினேன். அப்புறம் அழித்துவிட்டு, நல்லா இருப்பா என்று தமிழில் போட்டேன்.