பெட்டிக் கணக்கு தெரியாத வயர்ஃப்ரேம்

யூஎக்ஸ் டிசைன் படிக்க வேண்டுமென்றால் பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியாக வேண்டும் என்ற நிலைமை திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று இல்லை. கூகுள் 2021-இல் கோர்ஸெராவில் தொடங்கிய யூஎக்ஸ் சான்றிதழ்ப் படிப்பை வேடசந்தூரில் வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம். ஒரு லேப்டாப்பும் ஓரளவு ஒழுங்கான நெட் இணைப்பும் போதும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தபிறகு, கல்லூரிப் பாடத்தோடு ஆன்லைன் படிப்பும் சேர்ந்து ஓடுவது மாணவர்களுக்குப் பழகியும் விட்டது. நம் துறைக்கு வேலை கேட்டு வரும் இளைஞர்கள் இந்த வழியாகத்தான் அதிகம் வருகிறார்கள். இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலர் அவர்களை வேலைக்கு எடுப்பவர்கள் அல்லது வழிகாட்டுபவர்கள். அதனால், வயர்ஃப்ரேமும் புரோட்டோடைப்பும் கற்றுத்தரும் பகுதியைப் பற்றி மட்டும் இம்முறை கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். பாடத்தின் வரிசை சரியானது. மூன்றாம் பகுதி ஸ்டோரிபோர்டில் தொடங்கி, காகிதத்தில் வரைய வைத்து, அதன்பிறகே ஃபிக்மாவைத் திறக்கச் சொல்கிறது. எட்டு நிமிடத்தில் எட்டு யோசனை வரையும் கிரேஸி எய்ட்ஸ் பயிற்சியும் படிப்பில் உண்டு. நம்மில் பலருக்கு இப்படி யாரும் வரிசைப்படுத்திச் சொல்லித் தரவில்லை. ஃபோட்டோஷாப்பில் நேரே வண்ணப் பக்கத்தைச் செய்து, வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மறுபடி செய்து, அப்படித்தான் நாம் கற்றோம்.

சிக்கல் எடுத்துக்காட்டில் தொடங்குகிறது. அந்தப் படிப்பில் திரும்பத் திரும்ப வரும் மாதிரி, வீட்டு நாயை நடைக்கு அழைத்துப் போக ஆள் பிடித்துத் தரும் ஆப். திண்டுக்கல் நாகல் நகரில் நாய்கள் தாமே நடந்துகொள்கின்றன. இரவு இரண்டாவது ஆட்டம் சினிமா விட்டு வருகிறவருக்குத்தான் துணை தேவை. மாணவர் தம் சொந்த வேலைக்கான தலைப்பை ஷார்ப்பன் என்ற தளம் எதேச்சையாக எடுத்துத் தரும் சவால்களிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். அதற்கு ஒரு கற்பனைப் பயனர், அவருக்கு ஒரு பெயர், வயது, இரண்டு கவலைகள். பிறகு அந்தக் கற்பனை மனிதரின் கவலைகளைத் தீர்க்கும் சாம்பல் நிறக் கட்டங்கள்.

இதைத் திருத்துவது யார்? இன்னொரு மாணவர், எங்கோ வேறொரு நாட்டில் இருப்பவர். அவர் கையில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. முகப்பு உண்டா, பொத்தான்கள் உண்டா, ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோடுகள் உண்டா என்று பார்த்து மதிப்பெண் போடுவார். நாணயமாகவே போடுவார். ஆனால் இந்தத் திரையை ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. கட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்பது தெரிந்துவிடுகிறது. கட்டத்துக்குள் இருக்கும் சங்கதி பொருந்துகிறதா என்ற கேள்வி கேட்கப்படாமலே சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பார்த்தோம். காய்கறி வரத்தைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை வரைந்து எடுத்து வந்திருந்தார் ஒரு மாணவி. நல்லவேளையாக, காகிதத்தில். முதல் திரையில் விவசாயி பெயர், சரக்கு, எடை கிலோவில், விலை. கணக்கர் தாளை வாங்கிப் பார்த்தார். ‘ஏம்மா, தக்காளிய கிலோவுல கேட்டா நான் எங்க போவேன்? பெட்டி எத்தனைன்னு கேளு’ என்றார். அந்தப் பக்கத்தில் தக்காளி விலை 14 கிலோ பெட்டிக்குத்தான் பேசப்படுகிறது. முருங்கை கிலோவுக்கு. ஒரே கட்டம், சரக்குக்குச் சரக்கு வேறு அளவு. மாணவி பேனாவால் ‘கிலோ’வை அடித்துவிட்டு மேலே ‘பெட்டி’ என்று எழுதினார்.

அதோடு முடியவில்லை. கணக்கர் தம் பட்டியல் புத்தகத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். மேலே பெயர், ஊர். நடுவில் சரக்கு, பெட்டி, விலை, தொகை. அதன் கீழே கழிவுகள்: கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை. கடைசி வரியில் கைக்கு வரும் பணம். ‘வர்றவன் மொதல்ல இதத்தான் பாப்பான்’ என்று கடைசி வரியைத் தட்டிக் காட்டினார். மாணவியின் வரைபடத்தில் கழிவு என்ற பேச்சே இல்லை; மொத்தத் தொகை பெரிய எழுத்தில் திரையின் தலையில் இருந்தது. அதை நம்பி வீட்டுக்குப் போகும் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் மறுநாள் சண்டைதான் வரும். கணக்கர் இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் அவர் கையில் இருந்தது பேனாவால் கிறுக்கிய தாள் என்பதுதான் என்று நினைக்கிறோம். பளபளப்பான வண்ணத் திரையைக் காட்டியிருந்தால், ‘நல்லா இருக்கும்மா’ என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

இதைத் துறை எப்போதோ சொல்லிவிட்டது. காகிதப் புரோட்டோடைப்புக்காக வாதாடி மார்க் ரெட்டிக் 1994-இல் எழுதிய கட்டுரையின் சாரமே, முடிந்துபோனது போல் தோன்றும் வடிவத்தைப் பார்க்கிறவர் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றித்தான் பேசுவார், அமைப்பைத் தொட மாட்டார் என்பதுதான். பால்சாமிக் மென்பொருள் தன் கட்டங்களை வேண்டுமென்றே கோணல்மாணலாக வரைவதும் இதற்காகத்தான். ஃபிக்மாவில் ஆயத்தக் கூறுகளை இழுத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கடையில் விற்கும் ஆப் போலவே ஒன்று வந்துவிடும். தம் கைக்கு அவ்வளவு அழகாக வந்ததை அழிக்க இருபது வயதில் யாருக்கும் மனம் வராது.

‘ஐந்து பேரிடம் காட்டினால் போதும்’ என்ற வாக்கியமும் போர்ட்ஃபோலியோக்களில் தவறாமல் வருகிறது. ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது அது. பயன்படுத்துவோர் ஒரே மாதிரியானவர்களாக இருக்கும்போது பொருந்துவது. வேறுவேறு வகையினர் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஆள் வேண்டும், மூன்று வகையோ அதற்கு மேலோ இருந்தால் வகைக்கு மூவர் என்று அவரே அதே கட்டுரையில் சொல்கிறார். ஒட்டன்சத்திரத்தில் சரக்கு கொண்டு வருபவர், கமிஷன் கடைக்காரர், கேரளாவுக்கு லோடு ஏற்றும் வியாபாரி என்று மூன்று தரப்பு; மூவர் வீதம் ஒன்பது பேர். விடுதி அறையில் ஐந்து நண்பர்களிடம் காட்டியது இந்தக் கணக்கில் சேராது.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருவோம். இதை எந்த வெளிநாட்டுப் படிப்பும் சொல்லித் தரப்போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். வயர்ஃப்ரேமில் எழுத்து வரும் இடத்தில் சாம்பல் கோடு போடுவது அல்லது லோரம் இப்சம் ஒட்டுவது வழக்கம். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குள் அடங்கும் சொல்லை வேறு மொழிக்குக் கொண்டுபோனால் இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் வேண்டியிருக்கும் என்று ஐபிஎம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. டபிள்யூ3சி-யும் அதை எடுத்துக் காட்டுகிறது. பொத்தான், டேப், மெனு எல்லாம் அந்தப் பத்து எழுத்துக்காரர்கள். போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை. ‘ணௌ’, ‘ஞ்’ போன்றவற்றை ஆங்கில அளவுக்கு அமைத்த கட்டத்தில் போட்டால் பக்கம் முட்டும், வரி இடைவெளி குறைந்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். கட்டத்தின் அளவே மாறுகிறபோது, எத்தனை கட்டம் ஒரு வரிசையில் நிற்கும் என்பதும் மாறும். அதாவது அமைப்பே மாறும். ஆகவே தமிழ் ஆப்புக்கு முதல் தாளிலிருந்தே நிஜமான தமிழ்ச் சொற்களை எழுதி வரைய வேண்டும். கடைசியில் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்போது தீராத தலைவலி.

பெயர்க் கட்டமும் அப்படித்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கிவிட்டால், இனிஷியலோடு வாழும் நம் ஊர்க்காரர் என்ன செய்வார்? அப்பா பெயரைப் போடுவார், அல்லது ஒற்றை எழுத்தைப் போட்டு ‘செல்லாது’ என்ற சிவப்பு வரியை வாங்கிக்கொள்வார். ஆயத்த டெம்ப்ளேட்டில் இருந்ததால் இது நம் மாணவர் வரைபடங்களிலும் அப்படியே இருக்கிறது. வரைந்தவரின் சொந்தப் பெயரையே ஏற்காத படிவத்தை அவரே வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்!

புரோட்டோடைப் என்றதும் ஃபிக்மாவில் கோடு இழுத்துத் திரைகளை இணைப்பது மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளுக்கு முன்பு மல்லிகை விலை ஏறும்; ஒரே காலைக்குள் வரத்தைப் பொறுத்து மாறவும் செய்யும். ‘இன்றைய விலை’ என்று ஒற்றை எண் காட்டும் திரை ஒன்பது மணிக்குப் பழசாகிவிடலாம். பூப் பறித்துக்கொண்டிருப்பவரின் கை ஈரம். திரையைத் தொட முடியாது. குரலில் கேட்டு குரலில் பதில் பெறும் வசதி அவருக்குப் பயன்படுமா என்று அறிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கூல்டும் உடன் பணிபுரிந்தவர்களும், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரத்தைச் சோதிக்க, மறைவில் ஒரு தட்டச்சரை உட்கார வைத்தார்கள். பேசியவர் இயந்திரமே கேட்கிறது என்று நடந்துகொண்டார். நிலக்கோட்டையில் ஒரு மாணவர் மார்க்கெட்டில் நின்று வாட்ஸ்அப் குரல் செய்திக்குப் பதில் சொன்னால் அதுவும் அதே சோதனைதான். யார், எந்த நேரத்தில், எதைக் கேட்கிறார்கள் என்பது சில காலைகளில் தெரிந்துவிடும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே கூகுள் படிப்பில் அடோபி எக்ஸ்டி-க்கு ஒரு தனிப் பகுதி இருந்தது. 2022-இல் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்த அடோபி, 2023 டிசம்பரில் அதைக் கைவிட்டது. இதற்கிடையே எக்ஸ்டி-யைத் தனியாக விற்பதையும் நிறுத்திவிட்டது. அதை ஊன்றிப் படித்தவர்கள் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கள ஆய்வுக்கு வழிகாட்ட ஆளில்லை என்று திண்டுக்கல் மாணவர்கள் சொன்னால் ஏற்பதற்கில்லை. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1956 முதல் காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. கிராமத்துக்குப் போவதைப் படிப்பின் பகுதியாகவே வைத்து வளர்ந்த இடம். வீட்டு வாசலில் எப்படிக் கேட்பது, பதில் சொல்ல விரும்பாதவரை எப்போது விட்டுவிடுவது என்பதெல்லாம் அங்கே பழகிய ஆசிரியர்களுக்குத் தெரியும். ஃபிக்மா தெரிந்த பொறியியல் மாணவரும் அவர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதுதான் வேடிக்கை. இந்த இரண்டு தரப்பையும் ஒரு சனிக்கிழமை ஒரே மேசையில் உட்கார வைக்க, அங்கே இருக்கும் நம் வாசகர்களில் யாராவது முன்வர வேண்டும்.

வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேர்காணலில் நாம் கேட்பது இறுதித் திரைகளை. அதனால்தான் அவர்களும் இறுதித் திரைகளை மட்டும் அலங்கரித்துக்கொண்டு வருகிறார்கள். அடித்துத் திருத்திய தாள் எங்கே, அதை அடிக்க வைத்தது யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுபவரைத் தள்ளிவிட வேண்டாம். ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, தெருவில் ஏதாவது ஒரு கடைக்கு அனுப்பிப் பாருங்கள்.

நம் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து மாணவர் பணிகளுக்கான பக்கத்தில் விதியை மாற்றுகிறோம். காகித வரைபடத்தின் புகைப்படம், அதைக் காட்டிய ஆட்களின் தொழில் விவரம் (பெயர் வேண்டாம்), அவர்கள் சொன்னதால் எது அடிக்கப்பட்டது என்ற குறிப்பு, இந்த மூன்றும் இல்லாத பணிகளை எடுத்துக்கொள்ள மாட்டோம். இறுதி வடிவம் இரண்டு திரைக்கு மேல் வேண்டாம். எந்தத் தளத்தில் படித்தார், எந்தச் சான்றிதழ் பெற்றார் என்ற விவரம் கடைசி வரியில் இருந்தால் போதும்.