அழிந்ததா, அழித்ததா?

தமிழில் 'அழிந்தது' என்பதற்கும் 'அழித்தது' என்பதற்கும் ஒரு மெய்யெழுத்தே வேறுபாடு. முன்னது தன்வினை, நிகழ்ந்தது மட்டும் போதும். பின்னது பிறவினை, யார் செய்தது, எதை அழித்தது என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். அந்தமானில் மின்தடைக்குப் பின் வீட்டு வைஃபை ரவுட்டர் தன் அமைப்புகளை மறந்து நிற்கும்போது நாம் சொல்வது, "கரண்ட் போச்சு, செட்டிங்ஸும் போச்சு" என்பதே. இலக்கணத்தில் பிழையில்லை, காரண காரியத்தில் பெரும் பிழை. மின்சாரம் போனால் இணைப்பு நிற்கும், அது இயற்கை. அமைப்புகள் அழிய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இப்பதிவின் வாதம் அவ்வளவுதான்.

ரவுட்டருக்குள் இருவகை நினைவகங்கள் உண்டு. ஒன்று மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். மற்றொன்று ஃபிளாஷ், மின்சாரமின்றியும் ஆண்டுக்கணக்கில் காக்கும். இணைப்புக்குரிய பயனர் பெயர், கடவுச்சொல், வீலான் எண், வைஃபையின் பெயர் யாவும் ஃபிளாஷில்தான் இருக்க வேண்டும். எனவே மின்தடை மட்டும் அவற்றைத் தொட இயலாது. அவை அழியப் பெரும்பாலும் மூன்று வழிகளே உள்ளன. நிறுவ வந்தவர் மாற்றத்தைச் சேமிக்காமல் விட்டிருக்கலாம். மாற்றம் அன்று வேலை செய்யும், முதல் மின்தடையில் மறையும். அல்லது, ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் அறுந்து, கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். மறுபடி எழும் மென்பொருள் அக்கோப்பு பழுதென்று கண்டு தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அல்லது ஃபிளாஷே தேய்ந்திருக்கலாம். மூன்றிலும் மின்தடை வெறும் சாட்சி. முதல் வழியில் பொறுப்பு நிறுவியவருக்கு. ஏனைய இரண்டில் கருவியை வடிவமைத்தவருக்கும் தேர்ந்தெடுத்தவருக்கும்.

இரண்டாவது வழிக்கு மருந்தும் பழையதே. அமைப்புக் கோப்பின் இரு படிகளை வைத்துக்கொள். புதியதை முழுமையாக எழுதிச் சரிபார்த்த பின்னரே பழையதைக் கைவிடு. இதற்குப் புதிய சில்லு வேண்டா. கவனமாக எழுதிய மென்பொருள் போதும். ஆகவே "மலிவான கருவி, அப்படித்தான் இருக்கும்" என்னும் சமாதானம் நிற்காது.

இது ஏன் இத்தீவுகளில் கூடுதலாகச் சுடுகிறது? பெருநிலத்தின் மின்தொகுப்போடு நமக்குத் தொடர்பில்லை. நம் மின்சாரத்தை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்; பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலால். வட அந்தமானின் கல்பாங் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட் அளவினது. தென் அந்தமானில் சூரிய மின் நிலையங்களும் உண்டு. இத்தகைய சிறு தொகுப்பில் ஒரு ஜெனரேட்டர் திடீரென நின்றாலே வீடுகள் இருளக்கூடும். மின்சாரம் போய், வந்து, மீண்டும் போகும் அந்தச் சில நிமிடங்களே பாதி எழுதிய கோப்புக்கு மிக ஆபத்தானவை. அதைத் தாங்காத கருவியை இங்கே தருவது, மழைக்கு ஆகாத கூரையை மழைநாட்டில் வேய்வதற்கு ஒப்பானது.

கடலடியில் நாம் செய்திருப்பதையும் எண்ணிப் பாருங்கள். சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்து, ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை செல்லும் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். அத்தனை கடலையும் கடந்து வந்த இணையம், கூடத்துச் சுவரில் தொங்கும் பெட்டி தன் பயனர் பெயரை மறந்ததால் நின்றுபோகிறது.

அந்தப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பல வீடுகளில் சந்தாதாரரிடமே இருப்பதில்லை. நிறுவ வந்தவர் தட்டிவிட்டுப் போயிருப்பார். மாதம் தவறாமல் கட்டணம் செலுத்துபவர், தம் இணைப்பின் திறவுகோலுக்காகத் தொழில்நுட்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நெட் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துபோகலாம். களத்தில் பதிந்த ஒலிக்கோப்புகளைக் காப்பகத்தில் ஏற்றும் மொழியியலாளருக்கு, பேசுவோர் அருகிவரும் மொழியொன்றின் ஒரே படி மடிக்கணினியிலேயே தங்கிவிடலாம். இவற்றை 'சிறு தொந்தரவு' என்பவர் காலக்கெடுவோடு வாழ்ந்திராதவர்.

"மினி யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது அடுத்த அறிவுரை. வாங்குங்கள், பயன் உண்டு. ஆனால் அது பயனரின் பணத்தில் வடிவமைப்பாளரின் குறையை மூடும் ஏற்பாடு என்பதை அறிந்தே வாங்குங்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, இணைப்பு விவரங்கள் அனைத்தும் சந்தாதாரருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். செருமனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் இது சட்டப்படியான உரிமை. விரும்பிய ரவுட்டரைப் பொருத்திக்கொள்ளலாம், அணுகல் விவரங்களை நிறுவனம் கட்டணமின்றித் தர வேண்டும். இரண்டாவது, அமைப்பிழந்த கருவியைத் தொலைவிலிருந்தே சீரமைக்கும் டிஆர்-069 நெறிமுறை 2004-லேயே வெளியாகிவிட்டது. அதை நடைமுறையில் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, நம் நாட்டில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் உண்டு. திரும்பத் திரும்ப மின்சாரத்தைத் துண்டித்தாலும் அமைப்புகள் நிலைக்கின்றனவா என்பது அச்சோதனையில் வெளிப்படையான நிபந்தனையாக வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை செய்யும் நாளிலேயே அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி வையுங்கள். விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். புகார் எழுதும்போது "செட்டிங்ஸ் போய்விட்டது" என்று எழுதாதீர்கள். "தாங்கள் நிறுவிய கருவி என் அமைப்புகளை அழித்தது, மின்தடை நேரம் இது, இது எத்தனையாவது முறை" என்று எழுதுங்கள். எழுவாய் உள்ள வாக்கியத்துக்கு விடை தருவது அவர்கள் கடமையாகும். உடன்படாதோர் காரணத்தோடு மறுக்கலாம், வரவேற்கிறேன்.