கோட் எழுதப் பழக்கினார்கள், தேடப் பழக்கவில்லை

எங்கட பெடியளுக்கு லூப் எழுதத் தெரியும், கிளாஸ் எழுதத் தெரியும். உயர்தர ஐசிரி சோதனையில கடதாசியிலயே பைதன் எழுதிக் காட்டுவினம். ஆனால் வேறொருவர் எழுதின ஐம்பது ஃபைலைக் குடுத்து, 'இந்த ஃபங்ஷனை எங்கெங்க கூப்பிடுது?' எண்டு கேட்டால் கனபேர் முழிக்கினம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். இதைத் திறமைக் குறைவு எண்டு சொல்ல நாங்கள் தயாரில்லை. யாரும் சொல்லிக் குடுக்கேல்ல, அவ்வளவுதான்.

கடையொன்றுக்கு பில் போடுற புரோகிராமை எடுங்கோ. அதில 'டோட்டல்' எண்டொரு ஃபங்ஷன். அந்தச் சொல்லை அப்படியே தேடினால் 'சப்டோட்டல்' வரும், கொமென்டில கிடக்கிறதும் வரும், பில்லில அச்சாகிற 'டோட்டல்' எண்ட சொல்லும் வரும். பெயரை மாத்துவம் எண்டு 'ரீப்ளேஸ் ஓல்' அமத்தினால், சாமான் வாங்க வந்தவரின்ர பில்லிலயும் பெயர் மாறிப்போகும். அதே பெயரில கேர்சரை வச்சு, விஎஸ் கோடில ஷிஃப்டோட எஃப்12 அமத்திப் பாருங்கோ (பைதன் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கவேணும்). அந்த ஃபங்ஷன் பயன்படுற இடங்கள் மட்டும் வரிசையா வரும். தனி எஃப்12 அது எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். பெயர் மாத்த எஃப்2. முந்தின தேடல் எழுத்தைப் பார்க்குது, இது அந்த எழுத்து எதைக் குறிக்குது எண்டு பார்க்குது.

எழுத்தைத் தேடுற 'கிரெப்' 1973இலயே யுனிக்ஸில வந்திட்டுது. மற்றதை ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா செய்யவேண்டி இருந்தது. 2016இல மைக்ரோசொஃப்ட், ரெட் ஹட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சேர்வர் புரோட்டோகோலை அறிவிச்ச பிறகு அந்த வேலை நல்லாக் குறைஞ்சுது. இப்ப காசில்லாமல் கிடைக்கிற எடிட்டரிலயே இந்த வசதி இருக்கு.

அதுக்காக கிரெப்பைத் தூக்கி எறியச் சொல்லேல்ல. பைதனிலயோ ஜாவாஸ்கிரிப்டிலயோ பெயரை ஸ்ட்ரிங்காக வச்சுக் கூப்பிட்டிருந்தால் ஷிஃப்ட் எஃப்12க்கு அது தெரியாது. கொன்ஃபிக் ஃபைலுக்குள்ள இருக்கிறதும் அப்படித்தான்.

எழுத்தைத் தேடுற நேரத்தில பெயர் வைக்கிற விதம் காலை வாரும். 'விலை' எண்டதை ஆங்கில எழுத்தில போடேக்க கடைசி எழுத்து ஒருத்தருக்கு 'ஐ', இன்னொருத்தருக்கு 'வை'. ஒண்டைத் தேடினால் மற்றது அகப்படாது. பைதன் 3இல தமிழிலயே பெயர் வைக்கலாம். அங்கயும் ஒரு சிக்கல். 'மொத்தம்' எண்டதில வாற 'மொ'வை யுனிகோடில ரெண்டு விதமாச் சேமிக்கலாம். பைதன் ரெண்டையும் ஒரே பெயராத்தான் எடுக்கும், ஆனால் கிரெப்புக்கு ரெண்டும் வேற வேற சொல்.

வகுப்பெடுக்கிற அண்ணாமார், அக்காமாரிட்ட நாங்கள் கேட்கிறது இதுதான்: அடுத்த தவணையில ஒரு பாடத்துக்குப் புதுசா ஒண்டும் எழுத விடாதேங்கோ. போன வருசப் பிள்ளைகளின்ர புரொஜெக்ட் ஒண்டைத் திறந்து குடுங்கோ. அதில ஒரு ஃபங்ஷனை அழிச்சால் எந்தெந்த ஃபைல் உடையும் எண்டு, ரன் பண்ணாமலே தேடிச் சொல்லச் சொல்லுங்கோ.